8-வது வாரத்தில் திட்டத்தை மாற்றலாமா? (குலைக் கணக்குச் செயலி)

குலைக்கணக்கு:
டிப்ளோமா இறுதியாண்டு புராஜெக்ட், மொத்தம் 14 வாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்காகச் செய்கிறோம். செயலியை பிளட்டரில் எழுதுகிறோம், பதிவுகள் பயர்ஸ்டோரில் (கூகுளின் இணையத் தரவுத்தளம்). திட்டத்தில் எழுதிக் கொடுத்தவை: லாகின், குலைப் பதிவு, வரைபடம், மாத அறிக்கை, படத்தைப் பார்த்துப் பழுத்த குலையா என்று சொல்லும் ஏஐ. மண்டோரிடம் (வேலையாட்களை மேற்பார்ப்பவர்) காட்டினால், "உள்ளே லைன் கிடைக்காது தம்பி, எனக்கு ஆளும் எண்ணிக்கையும் போதும்" என்கிறார். நால்வரில் ஒருவர் விலகிவிட்டார். எதை வெட்டுவது? மார்க் போகுமா?

பழைய கிராணி:
சொல்லாமல் மாற்றினால்தான் போகும். எது மாறுகிறது, யார் சொல்லி, எந்தத் தேதியில், மிஞ்சும் நேரம் எந்த வேலைக்குப் போகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதி விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஏஐ முதலில் போகட்டும். வெட்டுக்காரர் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்து வெட்டுகிறார். ஓலை இடுக்கில் இருக்கும் குலையை யார் படம் பிடிப்பது? ஆனால் 'புதுமை'க்குத் தனி மார்க் உண்டா என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். வரைபடத்துக்குப் பதில் நிரை (மர வரிசை) எண் போதும்.

நிரை ஏழு:
உண்மையான வேலை, தோட்டத்துக்குள் இணையம் கிடைக்காத அந்த லைன் விஷயம்தான். ஆண்ட்ராய்டில் பயர்ஸ்டோர் தானாகவே ஆஃப்லைனில் சேமிக்கும். அப்படியும் தொங்கும், ஏன் தெரியுமா? பதிவை எழுதும் நிரல் வரியில் 'அவெய்ட்' (முடியும்வரை காத்திரு என்னும் கட்டளை) போட்டால், சர்வர் பதில் தரும்வரை அது முடியாது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மண்டோர் மறுபடி அழுத்துவார், லைன் வந்ததும் 43 குலை 86 ஆகிவிடும். அவெய்ட்டை எடுத்துவிட்டு, 'கைப்பேசியில் பதிந்தது' என்று உடனே காட்டுங்கள். ஆவண ஐடியை (ஒவ்வொரு பதிவின் அடையாளப் பெயர்) தேதி, பிளாக், ஆள் எண், நிரை இவற்றைச் சேர்த்து நீங்களே கட்டுங்கள். இரண்டு தடவை போனாலும் அதே பதிவின் மேல்தான் எழுதும். பழைய எண்ணைப் படித்து மாற்றி எழுதும் டிரான்சாக்‌ஷன் ஆஃப்லைனில் ஓடாது, அதனால் கூட்டுத்தொகையை அறிக்கை எடுக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். முதல் லாகினை ஆபீசில் லைன் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சோதிக்க ஏரோபிளேன் மோடு போதும், தோட்டத்துக்கு ஓட வேண்டாம்.

ஓலைக்கட்டு:
விலகியவருக்குப் பதில் ஆள் தேடாதீர்கள். தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று பிரட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். நாலு பேருக்கு 6 பேச்சுவழி, மூன்று பேருக்கு 3 தான். அந்த வகையில் லாபம்.
10-வது வாரத்துக்குள் ஒரே ஒரு பதிவு கைப்பேசியிலிருந்து அறிக்கைவரை போய்ச் சேரட்டும், அழகு பிறகு. 12-க்கு மேல் புதிதாக எதையும் தொடாதீர்கள். விலகியவர் எழுதிய நிரல் முழுவதும் கிட்ஹப்பில் (நிரலைச் சேமிக்கும் தளம்) ஏறியிருக்கிறதா? பயர்ஸ்டோர் இருக்கும் பயர்பேஸ் புராஜெக்ட் யார் கணக்கில் இருக்கிறது?

குலைக்கணக்கு:
அவர் கணக்கில்தான் அண்ணே...

ஓலைக்கட்டு:
இன்றைக்கே அவரைப் பிடியுங்கள். செட்டிங்ஸில் உங்களில் இருவரை 'ஓனர்' ஆக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் வரும் அழைப்பை நீங்கள் ஏற்றால்தான் அது செல்லும். ஏற்று, உள்ளே போய்ப் பார்த்த பிறகே அவர் பெயரை நீக்குங்கள்.