உக்கடம் மார்க்கெட் மீனில் பிசிபி, டிடிடி அளக்கும் திட்டம்: குறை இருந்தா சொல்லுங்க

நொய்யல்கரை:
திட்டம் இதுதானுங்க. கோயமுத்தூர் உக்கடம் மொத்த மீன் மார்க்கெட்டுல மத்தி, அயிலை, வஞ்சிரம் மூணும் வகைக்கு பத்து வாங்கறோம். வகைவாரியா ஒண்ணா அரைச்சு, ஜிசி-இசிடியில (சேர்மங்களைப் பிரிச்சு, குளோரின் இருக்கறதைக் காட்டற கருவி) டிடிடி (DDT) குடும்பம், எச்சிஎச், எண்டோசல்பான்ங்கற பூச்சிமருந்துகள், அப்புறம் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல இருந்த பிசிபி ரசாயனத்துல வழக்கமான ஏழு வகை (எண் 28, 52, 101, 118, 138, 153, 180) பாக்கறோம். முடிவு ஈர எடைக்கு (உலர்த்தாத மீன் சதைக்கு), ஒரு கிராமுக்கு இத்தன நானோகிராம்னு வரும். தலைப்பு: ‘மேற்குக் கடல் மீன்களில் நீடித்த நச்சுகள்’.

ஆழிஅளவு:
தலைப்பே நிக்காதுங்க. உக்கடத்துக்கு தூத்துக்குடியில இருந்தும் சரக்கு வருது, கேரளாவுல இருந்தும் வருது. ஐஸ் பெட்டி எந்த ஊர்ல ஏறுச்சுன்னு வேணா ஏவாரி சொல்லுவார். எந்தக் கடல்ல வலை போட்டதுன்னு அவருக்கே தெரியாது. கடலைப் பத்திப் பேசோணும்னா துறைமுகத்துக்குப் போய், படகு இறங்கற இடத்துலயே மீன் வாங்கோணும். வலை போட்ட இடத்தோட ஜிபிஎஸ் எண், தேதி, ஒவ்வொரு மீனோட நீளம், எடை, ஆணா பெண்ணா எல்லாம் குறிக்கோணும். சினை மீன் முட்டையோட சேத்து நச்சையும் வெளியேத்திரும். அதனால ஆண், பெண் கலந்து அரைச்சா கணக்கு கலங்கிப்போகும்.

நொய்யல்கரை:
கடலை ஆராயறது நோக்கமில்லீங்க. கோயமுத்தூர்க்காரன் தட்டுல என்ன விழுதுங்கறதுதான் கேள்வி. அதுக்கு மார்க்கெட்தான் சரியான இடம். ஐரோப்பிய வரம்பு கூட கடல் மீன் சதைக்கு ஆறு பிசிபி (118 நீங்கலா) கூட்டி, கிராமுக்கு 75 நானோகிராம்னு ஈர எடைக்குத்தான இருக்குது? தலைப்பை மாத்திக்கறேன், இடத்தை மாத்த மாட்டேன்.

ஆழிஅளவு:
அப்படின்னா சரி, ஒத்துக்கறேன். ஆனா ஈர எடை மட்டும் போதாது. மத்தியில கொழுப்பு மாசத்துக்கு மாசம் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு கிராம் கொழுப்புல 100 நானோகிராம் பிசிபி இருக்குதுன்னு வைங்க. மீன்ல கொழுப்பு 3 சதவீதம்னா ஈர எடைக்கு 3 நானோகிராம், 12 சதவீதம்னா 12. கடல் அப்படியேதான் இருக்குது, உங்க படத்துல மட்டும் மாசு நாலு மடங்கு ஏறியிருக்கும். ஈர எடை, கொழுப்பு எடை ரெண்டுக்கும் எண் குடுங்க. கொழுப்பையும், சால்வென்ட்ல எடுத்த அதே சாற்றுல ஒரு பங்கு எடுத்து, உலர்த்தி, நிறுத்துச் சொல்லுங்க.

ஈரோடு_ஜிசி:
ரெண்டு பேரும் மீன் மேடையிலயே நிக்கறீங்க, தப்பு நடக்கறது ஆய்வகத்து ஃப்யூம் ஹூடுக்குள்ள (புகை உறிஞ்சற பெட்டி). 10 கிராம் சதைக்கு, 400 டிகிரியில 4 மணி நேரம் சுட்டு ஆறவெச்ச சோடியம் சல்பேட் சுமார் 40 கிராம் போட்டு, மணல் மாதிரி உதிர்ற வரைக்கும் அரைங்க. கட்டி நின்னா சால்வென்ட் உள்ள இறங்காது. சர்ரோகேட்டா (வழியில எவ்வளவு தொலையுதுன்னு பாக்கத் தெரிஞ்ச அளவுல சேக்கறது) பிசிபி 209ஐ இங்கயே சேக்கோணும். சாறு எடுத்தப்புறம் சேத்தா ரெக்கவரி (எத்தன சதவீதம் திரும்பக் கிடைச்சுதுங்கற) எண்ணுக்கு அர்த்தமே இல்ல. சாக்ஸ்லெட்டுல (சால்வென்ட்டைச் சுத்திச் சுத்தி ஓட்டிச் சாறு எடுக்கற கண்ணாடிக் கருவி) ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் சரிபாதி, 16 மணி நேரம். ஜிசியில ஏத்தறதுக்கு முன்னாடி முழுசா ஹெக்சேனுக்கு மாத்திருங்க. டைகுளோரோமீத்தேன் துளி மிஞ்சினாலும் இசிடி திணறிப்போகும். நைட்ரஜன்ல சுருக்கறப்ப 1 மில்லிக்குக் கீழ விடாதீங்க, வறண்டா எச்சிஎச்சும் பிசிபி 28ம் காத்தோட போயிரும்.

முக்கியமானது: கொழுப்பை நீக்க எல்லாரும் அடர் கந்தக அமிலம் ஊத்தறாங்க. பிசிபி, டிடிஇ (டிடிடி உடைஞ்சு வர்றது), எச்சிஎச் தாங்கும். எண்டோசல்பானும், டீல்ட்ரின்ங்கற பூச்சிமருந்தும் அதுல அழிஞ்சே போயிரும். அப்புறம் அறிக்கையில ‘எண்டோசல்பான் கண்டறியப்படவில்லை’ன்னு வரும். மீன்ல இல்லாம இல்ல, அமிலம் தின்னுருச்சு. சாற்றை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதியை அமிலத்துலயும், மறுபாதியை ஃப்ளோரிசில்லயும் (கொழுப்பைப் பிடிச்சு வெக்கற தூள்) ஓட்டுங்க. மீன் உடம்புல எண்டோசல்பான், எண்டோசல்பான் சல்பேட்டா மாறிரும். அதோட ஸ்டாண்டர்டும் (ஒப்பிட்டுப் பாக்கற தூய மாதிரி) இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஆழிஅளவு:
இசிடி மேல எனக்கு நம்பிக்கை கம்மி. அது குளோரினைப் பாக்கும், ஆளைப் பாக்காது. மூலக்கூறை நிறையை வெச்சு அடையாளம் காட்டற மாஸ் ஸ்பெக்லயே, வழக்கமான காலம்ல (column, சேர்மங்களைப் பிரிக்கற குழாய்) பிசிபி 138ம் 163ம் ஒண்ணா விழும். ‘138+163’ன்னு எழுதறதுதான் நேர்மை. இசிடியில வந்த ஒவ்வொரு பீக்கையும் வேற காலம்ல (column) இல்லைன்னா மாஸ் ஸ்பெக்ல உறுதிபண்ணாம வெளியிடாதீங்க.

ஈரோடு_ஜிசி:
முதல் சல்லடைக்கு இசிடி போதுமுங்க. ஒழுங்கா வெச்சா பிசிபிக்கு அதோட உணர்திறன் சாதாரண மாஸ் ஸ்பெக்குக்குக் குறைஞ்சதில்ல. கெடுக்கறது லைனர்ல (சாற்றை ஏத்தற வாயில இருக்கற சூடான கண்ணாடிக் குழாய்) படியற மீன் கொழுப்பு. அந்த அழுக்குச் சூட்டுல டிடிடி (DDT) உடைஞ்சு டிடிஇயாவும் (DDE), குளோரின் ஒண்ணு கழண்ட DDD-யாவும் மாறிரும். கொசு ஒழிப்புக்கு டிடிடியை ரொம்ப வருஷம் அடிச்ச நாடு இது. பழைய டிடிடியா புதுசான்னு டிடிடிக்கும் டிடிஇக்கும் உள்ள விகிதம் பாத்துச் சொல்றவங்க, தூய டிடிடி மட்டும் ஏத்திப் பாக்கோணும். 15 சதவீதத்துக்கு மேல உடைஞ்சா லைனரை மாத்திட்டுத்தான் மறுவேலை.

பின்னல்நகர்:
திருப்பூர்ல நீர் ஒட்டாத துணிக்குப் போடற ஃப்ளோரின் ரசாயனத்தை விட்டுட்டீங்களே? அதுல ஒண்ணான பிஎஃப்ஓஎஸ் (PFOS) 2009லயே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோட நீடித்த நச்சுப் பட்டியல்ல வந்தாச்சு. இதே சாற்றுல பாக்க முடியுங்களா?

ஈரோடு_ஜிசி:
முடியாதுங்க. அது கொழுப்புல சேராது, புரதத்துல ஒட்டி ஈரல்லயும் ரத்தத்துலயும் உக்காந்துக்கும். தனியா 2 கிராம் பாலிபுரொப்பிலீன் குழாய்ல எடுத்து, மெத்தனால்ல சாறு எடுத்து, எல்சி-எம்எஸ்-எம்எஸ்ல (திரவத்துல பிரிச்சு, மூலக்கூறை உடைச்சு நிறை பாக்கற கருவி) ஓட்டோணும். டெஃப்லான் மூடி, டெஃப்லான் குழாய் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. ஈரல்னா இன்னும் கவனம்: பித்த அமிலம் ஒண்ணு, நிறை 499 உள்ளது உடைஞ்சு 80 துண்டு வர்ற அதே தடத்துல வந்து பிஎஃப்ஓஎஸ் மாதிரியே காட்டும். 499லிருந்து 99ஐயும் பாத்து ரெண்டும் ஒத்துப்போனாத்தான் எழுதோணும்.

நொய்யல்கரை:
மாத்தினது: மத்தி, அயிலை ரெண்டுலயும் ஒரே நீளத்துல பத்துப் பத்தா மூணு கூட்டம், தோலோட. நாம தோலோடதான திங்கறோம். வஞ்சிரம் தனித்தனியா அஞ்சு. பத்து மாதிரிக்கு ஒரு பிளாங்க் (மீனே இல்லாம ஓட்டறது), ஒரு ஸ்பைக் (தெரிஞ்ச அளவு நச்சு சேத்தது), ஒரு சான்று மீன் (அளவு சான்றோட வர்றது). பிஎஃப்ஓஎஸ் இந்தத் தடவை இல்ல.

ஆழிஅளவு:
மூணு கூட்டம் பத்தாதுங்க. கூட்டமா அரைச்சா சராசரி கிடைக்கும், மீனுக்கு மீன் எவ்வளவு வித்தியாசம்னு கிடைக்காது. மத்தியிலயும் அஞ்சாவது தனித்தனியா ஓட்டுங்க.

நொய்யல்கரை:
ஒத்தை மத்தியில 10 கிராம் சதை தேத்தறதே கஷ்டமுங்க. அயிலையில ஓட்டறேன், மத்தி கூட்டமாத்தான்.