திசு வளர்ப்பு அறைக்கு எந்த எலக்ட்ரானிக் சோக்கை நம்பி வாங்கலாம்?

வாழைக்கன்று_தேனி:
வணக்கம். தேனிப் பக்கம் சின்ன அளவில் கிராண்ட் நைன் ரக வாழையில் திசு வளர்ப்பு, அதாவது சிறு திசுவிலிருந்து குடுவைக்குள் கன்று வளர்ப்பது, செய்கிறோம். வளர்ப்பு அறையில் 5 ரேக், ரேக்குக்கு 4 தட்டு, தட்டுக்கு இரண்டு 36 வாட் டியூப், ஆக மொத்தம் 40. தினமும் 16 மணி நேரம் எரிய வேண்டும், அறை 25 டிகிரியில் நிற்க வேண்டும். பழைய செம்புச் சோக்குகளைக் கழற்றிவிட்டு, இரண்டு டியூபுக்கு ஒன்று என 20 எலக்ட்ரானிக் சோக் போட்டோம். ஏழே மாதத்தில் ஒன்பது போய்விட்டது. கடைக்காரரைக் கேட்டால் கரண்ட் கூடுதலாக வருகிறது என்கிறார், இரவில் 255, 260 வோல்ட் வருவதை நானே மீட்டரில் பார்த்தேன். ஒரு தட்டு இருண்டால் அதிலுள்ள கன்றுகள் வெளுத்துக் குச்சி குச்சியாக நீண்டுவிடுகின்றன, அத்தனை நாள் உழைப்பும் வீண். விலை கூடினாலும் பரவாயில்லை, எந்தக் கம்பெனி வாங்கலாம்?

செம்புக்கம்பி:
கம்பெனி பெயரை அப்புறம் பார்க்கலாம். செத்த சோக் ஒன்றை லைனிலிருந்து கழற்றி ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே உருளையாக ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) இருக்கும், பெரும்பாலும் அதன் தலைதான் உப்பியிருக்கும். அதில் தாங்கும் சூடு 85 டிகிரி என்று போட்டிருக்கிறதா 105 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், அதனால் அந்த 20 டிகிரி வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

வோல்டேஜும் சேர்ந்து அடிக்கும். மலிவான சோக்கில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்ற அளவு) சரிசெய்யும் சர்க்யூட் கிடையாது, வருகிற ஏசியின் உச்சம் அப்படியே கெப்பாசிட்டரில் ஏறும். 260 வோல்ட் என்றால் உச்சம் 368. 280 வந்துவிட்டால் 396, அங்கே 400 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் விளிம்பில்தான் நிற்கிறது. வாங்கும்போது பவர் ஃபேக்டர் 0.95க்கு மேல், எலக்ட்ரானிக் சோக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 13021 முத்திரை, தாங்கும் வோல்டேஜ் வரம்பு, இந்த மூன்றும் மேலே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டதும் பளிச்சென்று எரிவதைவிட ஒரு விநாடி தாமதித்து எரிவதை எடுங்கள். அது டியூபின் இழையை முதலில் சூடாக்கிவிட்டு எரிய வைக்கிறது, டியூபின் முனை சீக்கிரம் கறுக்காது.

குடுவை:
நான் வேறொரு திசு வளர்ப்புக் கூடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எங்கள் அனுபவத்தில் சோக் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. செம்புச் சோக் ஒன்று சுமார் 10 வாட் சூடாகவே விடும், 40 சோக்குக்கு 400 வாட், அதை வெளியே தள்ள ஏசி தனியாக உழைக்கும். நாங்கள் எல்லாவற்றையும் வெளி வராந்தாவில் பலகையில் வரிசையாக வைத்திருக்கிறோம். ஒன்று போனால் கிருமி நீக்கிய அறைக்குள் ஏணி தூக்கிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை.

செம்புக்கம்பி:
செம்புச் சோக்குக்கு நீங்கள் சொல்வது முழுக்க சரி. எலக்ட்ரானிக் சோக்கை அப்படி வைக்க முடியாது. அது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுகிறது, டியூபுக்குப் போகும் ஒயர் நீண்டால் ஒளி குறையும், சில நேரம் எரியவே எரியாது. எத்தனை மீட்டர் வரை இழுக்கலாம் என்று கம்பெனித் தாளில் இருக்கும். ரேக்கின் பக்கவாட்டில் அலுமினியத் தகட்டில் காற்றுப் படும்படி திருகினால் போதும்.

தேனி நண்பரே, போன ஒன்பதும் எந்தத் தட்டில் இருந்தவை?

வாழைக்கன்று_தேனி:
நீங்கள் கேட்டபிறகுதான் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன் அண்ணா. மாற்றிப் போட்டு மறுபடி போனதையும் சேர்த்து ஏழு, மேல் தட்டுகளில் இருந்தவை! எல்லாச் சோக்கையும் மூடிய பட்டிக்குள்ளே (டியூப் மாட்டும் சட்டம்) டியூபுக்கு மேலேயே வைத்திருக்கிறோம். இரண்டைத் திறந்தேன், இரண்டிலும் 85 டிகிரி, தலை உப்பியிருக்கிறது. இன்னொன்று, போன மாதம் டைமர் ஒட்டிக்கொண்டு இரவு முழுக்க விளக்கு அணையவே இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

செம்புக்கம்பி:
உண்டு. போட்ட அந்தக் கணத்தில் ஒவ்வொரு சோக்கும் கெப்பாசிட்டரை நிரப்ப 20, 30 ஆம்பியர் கூட இழுக்கும், மில்லி விநாடிக்கும் குறைவான நேரம்தான். இருபதும் ஒரே டைமரில் என்றால் அதன் முனை உருகி ஒட்டிக்கொள்ளும். டைமர் கான்டாக்டரை (அதிக கரண்டைத் தாங்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்) மட்டும் இயக்கட்டும், விளக்குகளை நான்கு லைனாகப் பிரித்து, போடும் கணத்து இழுப்பைத் தாங்கும் சி வகை எம்சிபி (தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். புது சோக்கின் உறையில் ஒரு புள்ளி இருக்கும், பக்கத்தில் 70 அல்லது 75 டிகிரி என்று எழுதியிருக்கும். விளக்கு நாலு மணி நேரம் எரிந்தபிறகு அந்தப் புள்ளியில் சூட்டை அளந்து பாருங்கள், எழுதிய அளவுக்கு 10 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும்.

குடுவை:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், 20 சோக்கையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் 2023இல் எடுத்த முடிவுப்படி, குழல் வடிவ ஃப்ளூரசென்ட் விளக்குகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் 2027க்குள் நிற்க வேண்டும். பிறகு டியூப் கிடைப்பது கஷ்டம். ஒரு ரேக்கை மட்டும் எல்இடிக்கு மாற்றி, இரண்டு சுற்று கன்று எடுத்து, பெருகும் எண்ணிக்கையையும் உயரத்தையும் பழைய ரேக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரிலும் பெரும்பாலும் அதே வகை கெப்பாசிட்டர்தான் இருக்கிறது, அதையும் பட்டிக்கு வெளியே வையுங்கள்.

வாழைக்கன்று_தேனி:
சரி அக்கா, அப்படியே செய்கிறேன். நான்கு ரேக்கின் மேல் தட்டுக்கு மட்டும் 105 டிகிரி கெப்பாசிட்டர் உள்ள சோக் நான்கு, ஐந்தாவது ரேக் முழுக்க எல்இடி. நாளைக்குப் பட்டிகளைக் கழற்றுகிறோம், சூடு அளந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன்.