'ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்': ஓவியருக்கு வரும் சீட்டை எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

சீட்டாட்டச் சீட்டுக்குப் படம் வரைந்தவருக்கு நிறுவனம் தரும் தனிப்படிதான் 'ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்'. விக்சனரிக்கு அதன் தமிழ்ச்சொல்லைத் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> 'கலைஞர் மெய்ப்பு' போதுமே. மெய்ப்பு ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்தானே.

எனக்கு ஒட்டவில்லை. மெய்ப்பு பிழை பார்க்க எடுப்பது. பார்த்து முடித்தால் குப்பைக்குப் போகும். இந்தச் சீட்டில் திருத்த ஒன்றும் கிடையாது.

1993இல் அமெரிக்காவில் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பதிப்பான ஆல்ஃபாவுக்கு வரைந்தவர்களில் கிறிஸ்டோபர் ரஷ் ஒருவர். 'பிளாக் லோட்டஸ்', 'லைட்னிங் போல்ட்' என்ற இரண்டு சீட்டுகளின் படங்களும் அவர் கைவண்ணம். சூரியன், நீர்த்துளி, மண்டையோடு, தீ, மரம் என்று சீட்டின் மூலையில் வரும் மானா (ஆட்டத்தில் மந்திரம் போடத் தேவையான ஆற்றல்) குறிகளும் அவர் வடிவமைத்தவையே.

ஒரு சீட்டுக்குப் படம் வரைந்தவருக்கு அதன் சில படிகளை நிறுவனம் தனியாகக் கொடுக்கும். முன்பக்கம் கடையில் கிடைக்கும் அதே சீட்டு. திருப்பினால் வழக்கமான பழுப்பு முதுகு இருக்காது, வெறும் வெள்ளை. போட்டியில் இறக்க முடியாது. ஆனால் சங்கதியே அந்த வெள்ளையில்தான்: 63க்கு 88 மில்லிமீட்டர் இடத்தில் ரசிகர் கேட்டதைப் பேனாவிலோ வண்ணத்திலோ வரைந்து, கையெழுத்துப் போட்டு ஓவியரே விற்பார். ரஷ் கையெழுத்திட்ட பிளாக் லோட்டஸ் ஒன்றை 8 லட்சம் டாலருக்கு வாங்கியதாகப் பாடகர் போஸ்ட் மலோன் 2022இல் சொன்னாரே, அதுவும் இந்த வகைதான். ரஷ் 2016இலேயே காலமாகிவிட்டார்.

நூல் எழுதியவருக்குப் பதிப்பாளர் தருவது 'ஆசிரியர் படி'. அதே வார்ப்பில் 'ஓவியர் படி' என்கிறேன். 'கலைஞர்' வேண்டவே வேண்டாம். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறொருவர் முகம்தான் வரும்.

---

> 'ஓவியர் படி' என்கிறேன்.

பஞ்சப்படி, பயணப்படி மாதிரி ஓவியருக்கான அலவன்ஸ் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா ஐயா? 'வெண்முதுகுச் சீட்டு' என்று வைத்தால் கையில் எடுத்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

---

வெண்முதுகு அழகான சொல், கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் பின்பக்கம் அச்சாகாமல் அச்சகத்திலிருந்து தவறி வந்த சீட்டுக்கும் முதுகு வெள்ளைதான். சேகரிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக வைப்பதில்லை. ஒன்று கொடுத்தது, மற்றது கெட்டுப்போனது. நம் சொல்லில் 'யாருக்கு' என்பது வந்தாக வேண்டும்.

அலவன்ஸ் குழப்பம் வரட்டுமே. விற்றால் ஓவியருக்குக் காசுதானே!

விக்சனரியில் 'ஓவியர் படி' என்று பதிந்து, 'வெண்முதுகு' என்பதைப் பேச்சுவழக்காகக் கீழே சேர்க்கிறேன். செதுக்கோவியம், கல்லச்சு ஓவியம் செய்பவர்களின் 'ப்ரூஃப்' வேறு கதை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.