கலைச்சொல்: இழைசெங்கல் (கியூ அரண்மனைச் சுவரை முன்வைத்து)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். 'கேஜ்டு பிரிக்வொர்க்' (செங்கல்லை வெட்டி, தேய்த்து, துல்லியமான வடிவத்துக்குக் கொண்டுவந்து நெருக்கமாகக் கட்டும் வேலை) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலுக்கு அளவுச்செங்கல், தேய்செங்கல், மெருகுச்செங்கல் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது; இழைசெங்கல் என்பதே என் பரிந்துரை. காரணத்தைச் சொல்லுமுன், இந்த வேலை என்னவென்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்த்துவிடுவோம்.

லண்டனின் தென்மேற்குப் பகுதியில் தேம்ஸ் ஆற்றங்கரையில், கியூ தாவரவியல் பூங்காவுக்குள் நிற்கும் சிவந்த செங்கல் வீட்டை இன்று கியூ அரண்மனை என்கிறோம். ஆனால் அது அரசருக்காகக் கட்டியதன்று. ஃபிளாண்டர்ஸ் வழிவந்த சாமுவேல் ஃபோர்ட்ரே என்ற லண்டன் வணிகர் கட்டிய வீடு அது. அவர் பெயருக்கும் மனைவி கேத்தரின் பெயருக்கும் உரிய முதலெழுத்துகளும் 1631 என்ற ஆண்டும் வாசலுக்கு மேலே இருக்கின்றன. பின்னர் அது அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. மூன்றாம் ஜார்ஜின் அரசி சார்லட் 1818-இல் அங்கேதான் காலமானார்.

அந்தச் சுவரில் ஒவ்வொரு வரியிலும் ஒரு நெடுக்குக்கல் (நீளப்பக்கம் வெளியே தெரிய வைத்த கல்), அடுத்து ஒரு குறுக்குக்கல் (முனைப்பக்கம் வெளியே தெரிய வைத்த கல்) என்று மாறி மாறி வருகிறது. இதுவே பிளெமிஷ் கட்டு. ஒரு வரி முழுக்க நெடுக்குக்கல், அடுத்த வரி முழுக்கக் குறுக்குக்கல் என்று வைத்தால் அது இங்கிலீஷ் கட்டு. நமக்கு வேண்டியது அந்தச் சமதளச் சுவரில் இல்லை. முகப்பின் அரைத்தூண்களிலும், சன்னல்களைச் சுற்றிப் புடைத்து நிற்கும் சட்டங்களிலும், மேலே வளைந்து வளைந்து ஏறும் மூன்று முகட்டுச் சுவர்களிலும் இருக்கிறது. கல்லில் செய்யும் வேலையை அங்கே செங்கல்லை வெட்டியும் இழைத்தும் செய்திருக்கிறார்கள்.

வளைவை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சூளையிலிருந்து வந்த கல்லை அப்படியே வைத்து வளைவு கட்டினால், கல் நேராக இருக்கும்; கற்களுக்கு இடையிலுள்ள சாந்துதான் அடியில் ஒடுங்கி மேலே விரிந்து ஆப்பு வடிவம் கொள்ளும். இழைத்த கல்லில் கட்டும்போது ஒவ்வொரு கல்லே ஆப்பாகிவிடுகிறது; சாந்து மேலும் கீழும் ஒரே கனமுள்ள மெல்லிய கோடாக நிற்கிறது. சாதாரணச் சுவரில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும் சந்து (கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து இடைவெளி), தேர்ந்த வேலையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அந்தச் சந்தில் மணற்கலவை நுழையாது. ஆகவே, நன்கு நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பு விழுதில் கல்லின் முகத்தைத் தோய்த்து எடுத்து வைப்பார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் இருபக்கமும் கூரான சிறு கோடரியால் கல்லைக் கொத்தி, பிறகு சொரசொரப்பான கல்லில் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முறுக்கிய கம்பி பூட்டிய வில் ரம்பம் பிற்காலத்தில் வந்தது.

இதற்கு எல்லாச் செங்கல்லும் ஏற்காது. சென்ற வாரம் எங்கள் ஊர்ச் சூளைக் கல் ஒன்றைக் கருங்கல் பலகையில் வைத்து இழைத்துப் பார்த்தேன். முதலில் செம்பொடி நன்றாகவே உதிர்ந்தது. கால் அங்குலம் இறங்குவதற்குள் உள்ளிருந்து ஒரு சரளைக்கல் தலைகாட்டியது, அதைச் சுற்றியிருந்த விளிம்பு பொளிந்து விழுந்தது. இழைப்பதற்கென்றே சுடும் கல்லுக்கு மண்ணைக் கழுவி, கல்லும் வேரும் நீக்கி, நுண்மணல் கலந்த வண்டலாக்கி, மிதமாகச் சுடுகிறார்கள். எங்கே வெட்டினாலும் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதே அதன் தகுதி. இங்கிலாந்து வேலைக்காரர்கள் அந்தக் கல்லை, தேய்த்தலைக் குறிக்கும் 'ரப்' என்ற ஆங்கில வினையிலிருந்து, 'ரப்பர்' என்கிறார்கள். இதைக் கவனிக்காமல் ஒலிபெயர்த்துவிட்டால், படிப்பவர் இரப்பர் மரத்துக்குப் போய்விடுவார்.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன். அளவுச்செங்கல் என்றால் குறித்த அளவில் வார்த்த கல் என்றே எவரும் கொள்வர். இங்கே அளவு அச்சிலிருந்து வருவதில்லை, கையிலிருந்து வருகிறது. தேய்செங்கல் என்பது மழையிலும் காற்றிலும் தேய்ந்து போன பழங்கல்லை நினைவூட்டுகிறது. பழைய கட்டடங்களைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் பெரிய கேடாக முடியும். மெருகு என்பது பளபளப்பு. இந்தக் கல்லோ பளபளப்பதே இல்லை.

இழைத்தல் என்ற வினை இந்த இடத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். சந்தனக்கட்டையைக் கல்லில் இழைக்கிறோம். தேய்மானமும் வேண்டிய வடிவத்துக்கு வரும் நேர்த்தியும் இரண்டுமே அந்தச் சொல்லில் இருக்கின்றன. 'வைரம் இழைத்த வளையல்' என்பதில் அது பதித்தலைக் குறிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அங்கே பதிக்கும் பொருள் முன்னே வந்து நிற்கிறது. செங்கல்லோடு சேரும்போது அந்தப் பொருள் எழுவதற்கு இடமில்லை.

ஒற்று விஷயத்தில் மட்டும் அருள்கூர்ந்து கவனமாக இருப்போம். 'இழைச்செங்கல்' என்று சகரம் மிகுத்து எழுதினால் இழை பெயர்ச்சொல்லாகி, நாரிழை கலந்த செங்கல் என்றாகிவிடும். கண்ணாடியிழை போன்ற சொற்கள் பழகிவிட்ட காலம் இது. 'இழைசெங்கல்' என்று ஒற்றில்லாமல் எழுதினால் குடிநீர், ஊறுகாய் போல வினைத்தொகையாக நிற்கும். உரைகல், அரைகல் என்பவை கருவியைக் குறிப்பதால் இதையும் தேய்க்க உதவும் கல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே தேய்க்கும் கல்லுக்கு இழைகல் என்ற சொல்லைத் தனியே வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். இழைகல்லில் இழைத்தது இழைசெங்கல். அதனால் கட்டியது இழைசெங்கற்கட்டு. வெட்டி ஓரளவு தேய்த்ததோடு நிறுத்திய வேலையையும் மெல்லிய சந்து வைத்த வேலையையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், பின்னதை 'நுண்சந்து இழைசெங்கற்கட்டு' என்று விரித்து எழுதலாம்.

சுண்ணாம்பு விழுது என்று மேலே எழுதியது நான் பொதுவழக்கிலிருந்து எடுத்த சொல். செட்டிநாட்டுப் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்களோடு பழக்கமுள்ள நண்பர்கள், நீற்றி வடித்த சுண்ணாம்பை அவர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், அதையே இந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.