சுருள்வில் பிராக்டிக்கல்: சாய்வு 0.42 வருது, 0.5 எங்கே போச்சு?

முதலாண்டு_இயற்பியல்:
சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு 20 அலைவுக்கு நேரம் எடுத்தேன். ஒரு அலைவுக்கு 50 கிராமில் 0.53 விநாடி, 100இல் 0.69, 200இல் 0.93, 300இல் 1.12. லாக்-லாக் தாளில் (ரெண்டு அச்சும் மடக்கை அளவில்) நிறைக்கு எதிரா நேரத்தைப் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு, சாய்வு 0.42. புத்தகத்தில் நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி மாறும்னு இருக்கு, அதாவது சாய்வு 0.5 வரணும். ஸ்டாப்வாட்ச் பிழையா?

மடக்கைப்பித்தன்:
கோடு நேரா இருந்தா சாய்வுதான் அடுக்கு. 0.42னே எழுதுங்க. பதினேழாம் நூற்றாண்டில் கெப்ளரோட கோள்களுக்கும் அப்படித்தான்: வியாழன் சூரியன்லேர்ந்து 5.2 வானியல் அலகு (பூமிக்கு 1), ஒரு சுற்றுக்கு 11.86 வருஷம்; ரெண்டுக்கும் மடக்கை எடுத்து வருஷத்தோடதை தூரத்தோடதால் வகுத்தா 1.50, அதுதான் அடுக்கு. யாரும் முன்கூட்டி எதையும் திணிக்கல.

ஸ்கேல்_பென்சில்:
கெப்ளரை ஏன் சார் இழுக்கிறீங்க? புதன்லேர்ந்து சனி வரை தூரம் 25 மடங்கு. இங்கே நிறை வெறும் 6 மடங்கு. இவ்வளவு சின்ன துண்டில் எந்த வளைவும் கோடு மாதிரித்தான் தெரியும். துண்டு துண்டா பாருங்க: 50–100க்கு சாய்வு 0.38, 200–300க்கு 0.46. ஏறிக்கிட்டே போகுது.

ஸ்டாப்வாட்சும் காரணமில்லை, தம்பி. 0.5 வரணும்னா 50 கிராமில் 0.46 விநாடி இருக்கணும். 20 அலைவுக்கு 1.4 விநாடி வித்தியாசம். அவ்வளவு தூங்குமூஞ்சியா யாரும் பட்டன் அழுத்த மாட்டாங்க. வில்லும் சேர்ந்துதான் ஆடுது, அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் சேரும். காலத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிரா வரைஞ்சா கோடு நிறை அச்சை −22 கிராம் பக்கத்தில் வெட்டும்.

மடக்கைப்பித்தன்:
வர்க்கம் எடுத்த அந்த நிமிஷமே 0.5னு முடிவு பண்ணிட்டீங்களே! விடையைப் பார்த்துட்டு கணக்கு போடுற வேலை. நிறையோட 10 கிராம் கூட்டினா சாய்வு 0.46, 22 கூட்டினா 0.50, 35 கூட்டினா 0.55. வேணுங்கிறதை வரவழைக்கலாம்.

ஸ்கேல்_பென்சில்:
நியாயமான கேள்வி. கூட்டுறதை வரைபடத்திலிருந்து எடுத்தா நீங்க சொல்றது சரி. அதனால தராசில் எடுங்க. தம்பி, அந்த வில்லை நிறுத்தீங்களா?

முதலாண்டு_இயற்பியல்:
இல்லண்ணா, இன்னைக்குத்தான் லேப் போய் நிறுத்தேன். 65 கிராம்.

ஸ்கேல்_பென்சில்:
மூன்றில் ஒரு பங்கு 22க்குக் கொஞ்சம் கீழே. அதைக் கூட்டி மறுபடி லாக்-லாக் போடுங்க. இப்போ வர்க்கமூலம்னு யாரும் சொல்லிக் கொடுக்கல.

மடக்கைப்பித்தன்:
தராசு சொன்னா ஒத்துக்கிறேன். ஆனா அந்த மூன்றில் ஒரு பங்கே கோட்பாட்டிலிருந்து வந்ததுதானே? அதுவும் தோராயம். எடை வில்லோட நிறைக்குச் சமமா இருக்கிற இடத்தில் கொஞ்சம் பிசகும்.

ஸ்கேல்_பென்சில்:
பிசகும், ஆனா இந்த ஸ்டாப்வாட்சில் தெரியாது.

முதலாண்டு_இயற்பியல்:
போட்டுட்டேன், 0.50. ரெக்கார்டு நோட்டில் ரெண்டு வரைபடமும் ஒட்டப்போறேன், 0.42ஐ அடிக்கல. வைவாவில் அதைத்தான் முதல்ல கேட்பாங்க போல.