மாதம் தவறாமல் ஓடிய ஜெனரேட்டர், கரண்ட் போன அன்று நின்றது

வணக்கம். 2013-இல் சிங்கப்பூர் வருவதற்கு முன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த நேரம். தினமும் மணிக்கணக்கில் மெஷின் ஓடும். பேட்டரி இறங்கினாலும் ரேடியேட்டர் ஒழுகினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இங்கே கரண்ட் போவதே அபூர்வம். ஒரு இணைப்புக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூட மின்தடை இருப்பதில்லை. அதனால் ஜெனரேட்டரில் ஒரு குறை இருந்தால் அது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமலே கிடக்கும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பழைய அலுவலகக் கட்டடம். அடித்தளத்தில் 500 கேவிஏ ஜெனரேட்டர். மாதம் ஒருமுறை போய் டீசல், எஞ்சின் ஆயில், கூலன்ட் பார்ப்போம். பேனலை மேனுவலில் வைத்து ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் ஓடவிடுவோம். வோல்டேஜ் 400, ஃப்ரீக்வென்சி 50 என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய பக்கங்களையும் புரட்டியிருக்கிறேன். ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்ச்போர்டு சர்வீசுக்காக மெயினையே நிறுத்தினார்கள். சில விநாடிகளில் எஞ்சின் எடுத்தது, மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் டக்கென்று மாறியது, லிஃப்ட், பம்ப், அவசர விளக்கு எல்லாம் வந்துவிட்டன. மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். நான் ஜெனரேட்டர் அறையிலேயே நின்றேன். பத்து நிமிடத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. மாதச் சோதனையில் இப்படி வேர்த்ததே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தால், வெளிக்காற்றை இழுக்கும் ஃபேன் சுற்றவில்லை. காற்று வரும் வழியில் திறந்து மூடும் லூவர் தகடுகளும் மூடியபடி இருந்தன. வெப்பமானி முள் 85, 90, 95 என்று ஏறிக்கொண்டே போனது. 98-இல் அலாரம் அடித்தது. மேலே கூப்பிட்டுச் சொல்வதற்குள் எஞ்சின் தானாக நின்றது. கட்டடம் முழுக்க இருட்டு. நல்லவேளை, லிஃப்டில் யாரும் இல்லை.

விஷயம் இதுதான்: அந்த ஃபேனுக்கும் லூவர் மோட்டாருக்கும் லைன், மெயின் போனால் அணைந்துவிடும் சாதாரண போர்டிலிருந்து போயிருந்தது. ஜெனரேட்டர் ஊட்டும் எசென்ஷியல் போர்டில் அவை இல்லை. மாதச் சோதனையின்போது மெயின் இருக்கும், ஃபேன் சுற்றும், எல்லாம் சரியாகத் தெரியும். மெயினை நிறுத்தாமல் இன்னும் நூறு மாதம் ஓட்டியிருந்தாலும் இது அகப்பட்டிருக்காது.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். எக்ஸாஸ்ட் குழாய் இணைப்பில் கறுப்பாக, பிசுபிசுப்பாகக் கசிந்திருந்தது. லோடு (கட்டடத்தின் மின்சுமை) இல்லாமலே ஓட்டி ஓட்டி, எரியாத டீசலும் கரியும் சேர்ந்த கசிவு. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 110 தரம் மாதம் 30 நிமிடம், குறைந்தது 30 விழுக்காடு லோடில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

* * *

அண்ணே, உங்களுக்கு ஃபேன் மாதிரி எங்களுக்குக் காலை வாரியது பேட்டரி. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18-க்குப் பல வட்டாரங்களில் கரண்ட் போனதே, ஏறத்தாழ 147,000 இணைப்புகள், அன்று ஜூரோங் பக்கம் ஒரு கட்டடத்தில் எனக்கு இரவுப் பணி. ஜெனரேட்டர் அறையில் கிளிக், கிளிக் என்று மூன்று முறை சத்தம், அப்புறம் சிவப்பு விளக்கு. முந்தின நாள்தான் மீட்டரில் 27 வோல்ட் பார்த்து எழுதியிருந்தேன். அது சார்ஜர் காட்டிய வோல்ட் என்று காலையில்தான் புரிந்தது. டெக்னீஷியன் சார்ஜரை நிறுத்திவிட்டு செல்ஃப் அடித்ததும் 14-க்கு விழுந்தது. மின்சாரம் முழுமையாகத் திரும்ப 38 நிமிடம் ஆனது. அதுவரை காவலாளி மாமாவும் நானும் டார்ச்சோடு மாடி மாடியாக ஏறி, மின்தூக்கிக் கதவுகளைத் தட்டிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் சார்ஜரை நிறுத்திய பிறகுதான் ஸ்டார்ட் சோதனை. பேட்டரி மாற்றிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம்.

* * *

நன்றிக்கா, சார்ஜரை நிறுத்திப் பார்ப்பதை நாங்களும் சேர்த்துக்கொள்கிறோம். ஃபேன் லைனை உரிமம் பெற்ற மின் பணியாளர் வந்து எசென்ஷியல் போர்டுக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, கட்டடத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஞாயிறு காலை மெயினை நிறுத்தி முழு லோடோடு ஒரு மணி நேரம் ஓட்டுகிறோம். முடிந்ததும் ஸ்விட்ச், கரண்ட் போனால் தானாக ஸ்டார்ட் ஆகும் ஆட்டோ நிலைக்குத் திரும்பியதைப் படம் எடுத்துக் குழுவில் போட்ட பிறகுதான் அறையைப் பூட்டுவோம். சர்வீஸ் முடித்து ஆஃபிலேயே விட்டுப் போன இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

போன வாரம் டீசல் டேங்கின் அடிக்குழாயைத் திறந்தபோது முதலில் தண்ணீர், பிறகு பழுப்பாக வழவழவென்று ஏதோ வந்தது. டீசலில் கிருமி வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும். டேங்கைச் சுத்தம் செய்த அனுபவம் உள்ளவர்கள், பழைய டீசலை வடிகட்டியே பயன்படுத்தினீர்களா, முழுக்க மாற்றினீர்களா என்று எழுதுங்கள்.