அம்மாவுக்கு மூன்று மாதத்தில் இரண்டு சி.டி. ஸ்கேன்: எவ்வளவு பயப்பட வேண்டும்?

குடியாத்தம் வாசகர்:
என் தாயாருக்கு 58 வயது. சிறுநீரகக் கல்லுக்காகக் குடியாத்தத்தில் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து வேலூரில் ஒரு முறையும் வயிற்றுப் பகுதியில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். "ஒரு சி.டி. நானூறு மார்பு எக்ஸ்ரேக்குச் சமம், பின்னால் புற்றுநோய் வரும்" என்று பக்கத்து வீட்டார் சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி என்பதால், தன் உடம்பிலிருந்து கதிர் பாயும் என்று அஞ்சி அவளை அருகில் படுக்கவும் விடுவதில்லை. வேலூர் அறிக்கையின் ஓரத்தில் டி.எல்.பி. 612 என்று அச்சாகியிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஸ்கேன் பிரிவு ஊழியர், சத்துவாச்சாரி:
முதலில் உங்கள் மனைவியின் விஷயம். சி.டி. இயந்திரத்திலிருந்து வருவது எக்ஸ்ரே கதிர். விளக்கை அணைத்தால் வெளிச்சம் நின்றுவிடுவது போல, இயந்திரம் நின்றதும் அதுவும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. ஆகவே இன்றிரவே மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் படுக்கலாம். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேன் வேறு வகை. அதற்குரிய எச்சரிக்கையை அங்கேயே சொல்லி அனுப்புவார்கள்.

டி.எல்.பி. என்பது ஸ்கேன் செய்த நீளம் முழுவதற்கும் இயந்திரம் கொடுத்த கதிரின் கணக்கு. வயிற்றுப் பகுதிக்கு அதை 0.015-ஆல் பெருக்கினால், உடம்பு ஏற்ற கதிரை அளக்கும் அலகான மில்லிசீவர்ட் கணக்கில் தோராயமாகக் கிடைக்கும்: 612-க்கு ஏறக்குறைய 9. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் ஒருவருக்கு ஆண்டுதோறும் சேரும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். அதாவது அந்த ஸ்கேன் நாலு வருட இயற்கைக் கதிருக்குச் சற்றுக் குறைவு. பக்கத்து வீட்டார் சொன்ன நானூறு பெரிய பொய்யல்ல. ஆனால் மார்பு எக்ஸ்ரேயின் அளவே 0.02 மில்லிசீவர்ட் அளவில்தான் இருக்கும் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். சட்டைப்பையில், மேலே படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மாட்டிக்கொண்டு வேலை செய்யும் எங்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், காட்பாடி:
புற்றுநோய்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் தந்த மதிப்பீடு, ஒரு சீவர்ட்டுக்கு, அதாவது 1,000 மில்லிசீவர்ட்டுக்கு, புற்றுநோய் ஆபத்து சுமார் 5 சதவீதம் கூடும் என்பது. முதல் ஸ்கேனும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 18 மில்லிசீவர்ட். அது ஏறக்குறைய 1,000 பேரில் ஒருவருக்குக் கூடுதல் ஆபத்து. இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பது புற்றுநோய்ப் பதிவேடுகளின் மதிப்பீடு. எனவே ஸ்கேனே எடுக்காத 1,000 பேரில் 111 பேருக்கு வருமென்றால், எடுத்தவர்களில் 112. இதுவும் எல்லா வயதினருக்குமான சராசரி; 58 வயதில் இன்னும் குறையும், சிறு குழந்தைக்குக் கூடும்.

இந்தக் கணக்கு பெரும்பாலும் ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்ததிலிருந்து வந்தது. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே ஆபத்தைத் தெளிவாக அளப்பது கடினம் என்பதால், அதிக அளவுகளில் தெரிந்த விகிதத்தையே பாதுகாப்புக் கருதிக் கீழே பூஜ்யம் வரை நீட்டியிருக்கிறார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், தோரியம் இருப்பதால் இயற்கையாகவே கதிர் வீசும் மோனசைட் மணல்மேல் தலைமுறைகளாக வாழ்வோரிடம் நடந்த ஆய்வில் புற்றுநோய் கூடுதலாகத் தென்படவில்லை. நம் வேலூர்க் கோட்டையின் கருங்கல்லில்கூடச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. அதற்காக யாரும் அகழிப் பக்கம் நடக்காமல் இருப்பதில்லை.

ஸ்கேன் பிரிவு ஊழியர்:
ஐயாவின் கணக்கு சரி. ஆனால் "குறைவுதானே" என்று அடிக்கடி எடுப்பதும் வேண்டாம். கல்லுக்கு அளவைக் குறைத்துச் சி.டி. எடுக்கலாம், தொடர்ந்து கவனிக்கப் பலருக்கு அல்ட்ராசவுண்டே போதும், அதில் இந்தக் கதிரே இல்லை. மருத்துவரிடம் கேளுங்கள். குடியாத்தத்து ஃபிலிமை வேலூரில் காட்டினீர்களா?

குடியாத்தம் வாசகர்:
காட்டவில்லை, தவறு எங்களுடையதே. வீட்டில் இல்லை என்று நினைத்திருந்தோம், இன்று தேடியபோது பீரோவின் மேல், பழைய காலண்டர்களுக்குள் சுருட்டி வைத்திருந்தது. இரண்டு உறைகளையும் ஒரே பையில் போட்டு, மேலே தேதி எழுதிவிட்டேன். 111, 112 கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அம்மா, "அந்த ஒருத்தி நானாக இருந்தால்?" என்று கேட்டார், பதில் தெரியாமல் நின்றேன். ஆனாலும் இரவு மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார்.